கிருஷ்ணகிரியில் ஒரு கோல்கீப்பர் வகுப்பும் கசியாஸின் முதல் ஐந்து ஆண்டுகளும்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஞாயிறுதோறும் விடியற்காலையில் மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போய்வரத் தொடங்கி ஏழு மாதங்கள் ஆகின்றன. சேலம் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் ஒரு செயற்கைப் புல்தரை மைதானத்தில், காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை, கோல்கீப்பர்களுக்கென்று மட்டும் நடக்கும் பயிற்சி வகுப்பு அது. அவளுடைய பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர், அங்கே என்னதான் சொல்லித் தருகிறார்கள், கொடுக்கிற பணத்துக்குத் தகுமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கொரு விதமாகப் பதில் சொல்வதைவிட, பார்த்ததை முழுமையாக எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

பயிற்சி தருபவர் வார நாட்களில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். பெங்களூரில் பல ஆண்டுகள் கோல்கீப்பராக ஆடியவர். பிள்ளைகளும் பெற்றோரும் அவரை மாஸ்டர் என்றே அழைக்கிறோம். இப்போது பதினோரு பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் மூவர் பெண்கள். மாதக் கட்டணம் 1,000 ரூபாய். கையுறை நம்முடையது, பந்து அவருடையது.

சேர்ந்த முதல் ஞாயிறு எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பந்தையே தொடாமல் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, பிற்காலத்தில் ஸ்பெயின் அணியின் கோல்கீப்பரான இக்கர் கசியாஸ் என்ற பையனைப் பற்றி இருபது நிமிடம் பேசினார். பணம் கட்டிக் கதை கேட்கவா வந்தோம் என்று நினைத்தேன். அந்தக் கதைதான் வகுப்பின் பாடத்திட்டம் என்பது புரிய எனக்கு இரண்டு மாதம் ஆனது. கசியாஸ் உலகக் கோப்பையைக் கையில் ஏந்திய 2010ஆம் ஆண்டைப் பற்றி மாஸ்டர் அதிகம் பேசுவதே இல்லை. 1997 நவம்பருக்கும் 2002 ஜூனுக்கும் இடைப்பட்ட காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பயிற்சியை வைத்திருக்கிறார். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வெற்றி பெற்றவரின் கோப்பையைக் காட்டுவதைவிட, அவர் இவர்கள் வயதில் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று காட்டுவதுதான் பயன்படும் என்பது அவருடைய எண்ணம். ஏழு மாதம் பார்த்த பிறகு நானும் அதையே நம்புகிறேன்.

கசியாஸ் 1981 மே 20 அன்று பிறந்தவர். மாட்ரிட் நகரை ஒட்டியுள்ள மோஸ்தோலஸ் அவருடைய குடும்பம் வாழ்ந்த ஊர். ஒன்பது வயதளவில் அந்நகரின் ரியல் மாட்ரிட் கிளப்பின் சிறுவர் அணியில் சேர்ந்துவிட்டார். 1997 நவம்பரில், பதினாறு வயதில், பள்ளி வகுப்பறையில் உட்கார்ந்திருந்தபோது, ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் போட்டிக்காகப் பெரியவர்களின் அணியோடு நார்வேக்குப் புறப்பட வேண்டும் என்று அழைப்பு வந்தது. எதிரணி ரோசன்போர்க். போனார், மாற்று வீரர்களின் பலகையில் உட்கார்ந்தார், ஆடாமலே திரும்பினார். முதல் அணியில் களம் இறங்க அதன் பிறகு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

இந்தத் துண்டுக்கு உரிய பயிற்சி உட்கார்ந்திருப்பது. வகுப்பில் பாதிப் பேர் கோலில் நிற்கும்போது மீதிப் பேர் கையுறையைப் போட்டுக்கொண்டு ஓரத்தில் அமர்ந்திருக்க வேண்டும். அரை மணி நேரம் கழித்து மாஸ்டர் அவர்களிடம் வந்து, மூன்றாவது பந்து எந்தக் காலால் அடிக்கப்பட்டது, கீப்பர் எந்தப் பக்கம் எடை சாய்த்து நின்றான், ஏழாவது பந்து ஏன் கையிலிருந்து நழுவியது என்று கேட்பார். முதல் சில வாரங்களில் என் மகளால் ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது வீட்டில் தொலைக்காட்சியில் ஆட்டம் பார்க்கும்போது, பந்தை விட்டுவிட்டுக் கீப்பரின் கால்களையே பார்க்கிறாள்.

வகுப்பின் மிகச் சிறந்த பகுதி என்று நான் கருதுவது பந்தைக் கையில் வாங்கக் கற்றுத் தரும் முறை. இரண்டு கட்டைவிரல்களும் ஏறக்குறையத் தொடும்படி உள்ளங்கைகளை விரித்து, பந்துக்குப் பின்னால் கையை வைக்க வேண்டும் என்பது எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்வதுதான். மாஸ்டர் அதற்கு மேல் ஒன்று செய்தார். மாம்பழக் காலத்தில் எங்கள் பக்கத்துத் தோப்புகளில் உச்சிக் கிளைக் காய்களைத் தொரட்டியால் பறிக்கும்போது, வலைக்குத் தப்பி விழும் காயைக் கீழே நிற்பவர் கையாலேயே ஏந்துவார். மாங்காயை எதிர்த்துப் பிடித்தால் அடிபட்டுவிடும். இரண்டு நாளில் அந்த இடம் கறுத்துப்போகும், வியாபாரி ஒதுக்கிவிடுவார். விழுகிற வேகத்தோடு கையும் சேர்ந்து கீழே போய், இடுப்புக்கு அருகில் வந்து நிற்க வேண்டும். ஒரு ஞாயிறு மாஸ்டர் ஒரு கூடை மாங்காயோடு வந்துவிட்டார். இருவர் இருவராக நின்று, முதலில் ஐந்தடி தூரத்திலிருந்தும் பிறகு பதினைந்தடி தூரத்திலிருந்தும் வீசிப் பிடித்தார்கள். “பாப்பா, புடிக்காதே, வாங்கு” என்று சொல்லிக்கொண்டே நடந்தார். முடிந்ததும் ஒவ்வொருவரும் தம்முடைய காயை வீட்டுக்கு எடுத்துப்போய் அரிசிப் பானைக்குள் வைத்து, நான்கு நாள் கழித்துப் பார்க்க வேண்டும் என்றார். என் மகளுடைய காயில் காம்புக்கு அருகே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்புத் திட்டு இருந்தது. அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்து அவள் மார்பில் பட்டுத் தெறிப்பது அந்த மாதத்திலிருந்து வெகுவாகக் குறைந்தது.

அடுத்த துண்டு 1999 செப்டம்பர் 12. ரியல் மாட்ரிட்டின் முதன்மைக் கோல்கீப்பராக இருந்த ஜெர்மானியர் போடோ இல்க்னர் காயமடைந்திருந்ததால், பில்பாவ் நகரின் சான் மமேஸ் மைதானத்தில் அத்லெடிக் அணிக்கு எதிராகக் கசியாஸ் முதன்முறையாக இறங்கினார். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் நைஜீரியாவில் நடந்த இருபது வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை ஸ்பெயின் வென்றபோது அந்த அணியில் அவரும் இருந்தார். இறுதியாட்டத்தில் ஜப்பானை ஸ்பெயின் 4-0 என்று வென்றது. ஆனால் மாஸ்டர் அழுத்திச் சொல்வது அந்தக் கோப்பையை அல்ல, பில்பாவில் அவர் வலையிலிருந்து எடுத்துப்போட்ட இரண்டு பந்துகளை. பெரிய அணிக்காக ஆடிய முதல் நாளிலேயே இரண்டு கோல் வாங்கியவர், அதற்குப் பிறகு அந்த அணிக்காக மொத்தம் 725 ஆட்டங்களில் நின்றார் என்று அவர் சொன்னபோது, முந்தைய வாரம் பள்ளி ஆட்டத்தில் நான்கு கோல் வாங்கி அழுத பர்கூர்ப் பையன் தலையை நிமிர்த்திப் பார்த்ததை நானே கவனித்தேன்.

இதற்கான பயிற்சி எளிமையானது, ஆனால் கடுமையானது. கோல் விழுந்தவுடன் கீப்பரே பந்தை வலையிலிருந்து எடுத்து மாஸ்டரிடம் உருட்டிவிட்டு, பத்து எண்ணுவதற்குள் மறுபடி ஆயத்த நிலைக்கு வந்துவிட வேண்டும். தலையில் கை வைப்பது, தரையை உதைப்பது, மற்றவரைப் பார்த்துக் கத்துவது எதுவும் கூடாது. பத்தாவது எண்ணில் அடுத்த பந்து வந்துவிடும்.

கத்துவதைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் மாவட்டத்தில் வீட்டு மொழி மூன்று. உயரப் பந்துக்குக் கீப்பர் கோலைவிட்டு வெளியே வரும்போது, அது தன்னுடையது என்று உரக்கச் சொல்ல வேண்டும். தெலுங்கு பேசும் பிள்ளை ‘நாதி’ என்றும், கன்னடம் பேசும் பிள்ளை ‘நந்து’ என்றும், நம் பிள்ளைகள் ‘என்து’ என்றும் கத்த, ஒருமுறை தடுப்பாட்டக்காரனும் கீப்பரும் மோதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து எல்லோருக்கும் ‘கீப்பர்’ என்ற ஒரே சொல். பள்ளி அணியிலும் என் மகள் அதையே வழக்கமாக்கிவிட்டாள்.

வாடகைப் புல்தரைகளில் பயிற்சி பெறுவதில் உள்ள பெரிய ஆபத்தை, பெற்றோர் பலரும் அறியாததால், கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அங்குள்ள கோல் ஐந்து பேர் ஆட்டத்துக்கான சிறிய கோல். உண்மையான கால்பந்துக் கோல் 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் கொண்டது. சிறிய கோலில் ஓராண்டு நின்று பழகிய பிள்ளை, செம்மண் மைதானத்தில் முழுக் கோலுக்குள் போய் நின்றவுடன், வெட்டவெளியில் நிற்பதுபோல் திகைத்துப்போகும். மாஸ்டர் இதை உணர்ந்து, மைதானத்தின் நீண்ட பக்கத்தில் இரண்டு மூங்கில் கழிகளை அளவு நாடாவால் 7.32 மீட்டர் அளந்து நட்டு, 2.44 மீட்டர் உயரத்தில் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிவிடுகிறார். கயிறு நடுவில் தொய்ந்தால் மறுபடி ஏறிக் கட்டுவார். பிறகு, கோலின் நடுவிலிருந்து முன்னே நடக்கச் சொல்லி, பந்து வைத்திருப்பவரின் கண்ணிலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று ஒவ்வொருவரையும் பந்துக்குப் பின்னால் குனிந்து பார்க்க வைக்கிறார். ஓரடி முன்னே வந்தால் கோல் எவ்வளவு சுருங்குகிறது என்பதை என் மகள் அப்படிக் குனிந்து பார்த்த அன்றுதான் உணர்ந்தாள். நானும் குனிந்து பார்த்தேன். கால்பந்து பார்க்கத் தொடங்கிய இத்தனை ஆண்டுகளில் எனக்கு இது புரியாமலே இருந்திருக்கிறது.

2000 மே 24 அன்று பாரிஸை அடுத்த ஸ்டாட் டி பிரான்ஸ் அரங்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தை மாஸ்டர் விரைவாகவே கடந்துவிட்டார். பத்தொன்பது வயது நிறைந்து நான்கே நாட்கள் ஆன நிலையில் கசியாஸ் அதில் ஆடினார். சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் ஆடிய கோல்கீப்பர்களில் மிக இளையவர் அவர்தான். வாலென்சியாவை ரியல் 3-0 என்று வென்றது. எதிர்க் கோலில் நின்றவர் சாண்டியாகோ கன்யிசாரஸ் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னார். சில நாட்களிலேயே, ஜூன் 3 அன்று, ஸ்வீடனுக்கு எதிராகக் கசியாஸ் ஸ்பெயினுக்காகவும் இறங்கிவிட்டார்.

இங்கேதான் எங்கள் வீட்டுக் கதையும் வந்து சேர்கிறது. இந்த ஆண்டு குறுவட்டப் போட்டிக்கான பள்ளி அணியில் என் மகளுக்குப் பதிலாகப் பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி தேர்வானாள். போன ஆண்டு முழுக்க ஆடியவள் இவள்தான். இரண்டு நாள் சாப்பிடவில்லை. ஞாயிறு வகுப்புக்கும் வரமாட்டேன் என்றாள். வலுக்கட்டாயமாகத்தான் அழைத்துப்போனேன். மாஸ்டரிடம் செய்தியைச் சொன்னேன். அவர் அவளிடம் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. அன்றைய பாடத்தை மாற்றி, 2001-02 பருவத்தை எடுத்தார்.

பத்தொன்பது வயதில் ஐரோப்பாவின் பெரிய கோப்பையை வென்றவருக்கு, இருபது வயதில் அணியில் இடம் போய்விட்டது. சேசர் சான்செஸ் என்ற மூத்த கோல்கீப்பரிடம் அந்த இடம் போனது. 2002 மே 15 அன்று கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் பேயர் லெவர்குசனுக்கு எதிராக நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம் தொடங்கியபோது கசியாஸ் பலகையில் உட்கார்ந்திருந்தார். ராவுலும் ஸிடானும் அடித்த கோல்களால் ரியல் 2-1 என்று முன்னிலையில் இருந்த நேரத்தில், 68ஆவது நிமிடத்தில் சேசர் காயத்தால் வெளியேற நேர்ந்தது. குளிர்ந்த உடம்போடு எழுந்து போன கசியாஸ், இறுதி நிமிடங்களில் அடுத்தடுத்து வந்த பந்துகளைத் தடுத்து அந்த ஒரு கோல் முன்னிலையைக் காத்தார். ஆட்டம் முடிந்ததும் அழுதுவிட்டார்.

இந்தப் பயிற்சிக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் ‘அறுபத்தெட்டு’. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் பெயரைச் சொல்லி மாஸ்டர் “அறுபத்தெட்டு!” என்று குரல் கொடுப்பார். அந்தப் பிள்ளை எழுந்து ஓடி, கோலில் நிற்பவரோடு கை தட்டி இடம் மாறி, உடனே ஆறு பந்துகளைச் சந்திக்க வேண்டும். கையுறையின் பட்டையை இறுக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் முதல் பந்திலேயே மாட்டிக்கொள்வார்கள். அன்று முதல் அழைப்பு என் மகளுக்குத்தான். அழுது வீங்கிய கண்களோடு ஓடினாள். ஆறில் இரண்டைத் தடுத்தாள். மாஸ்டர் “அடுத்த வாரம் பட்டையைக் கட்டிட்டு உக்காரு, கண்ணு” என்று மட்டும் சொன்னார். குறுவட்டப் போட்டியின் எல்லா ஆட்டங்களிலும் அவள் மாற்று வீராங்கனையாகவே இருந்தாள்; ஒரு நிமிடம்கூடக் களத்தில் இறங்க வாய்ப்பு வரவில்லை. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் அந்த அக்காவுக்குப் பந்து அடித்துக் கொடுத்து உடம்பைச் சூடேற்றியவள் இவள்தான். இடைவேளையில் எதிரணியின் இடதுகாலாட்டக்காரி எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று சொன்னதும் இவள்தான். பட்டை கட்டியே இருந்தது.

கடைசித் துண்டு 2002 உலகக் கோப்பை. ஸ்பெயினின் முதன்மைக் கோல்கீப்பராக இருந்திருக்க வேண்டிய கன்யிசாரஸ், சவரத்துக்குப் பின் பூசும் திரவக் குப்பி காலில் விழுந்து தசைநாண் வெட்டுப்பட்டதால், போட்டிக்கே போக முடியவில்லை. அந்த இடம் கசியாஸுக்கு வந்தது. ஜூன் 16 அன்று தென்கொரியாவின் சுவோன் நகரில் அயர்லாந்தோடு நடந்த ஆட்டத்தில் இயன் ஹார்ட் அடித்த பெனால்டியைத் தடுத்தார். 90ஆவது நிமிடத்தில் ராபி கீன் அடித்த பெனால்டியை விட்டார். 1-1 என்று முடிந்து பெனால்டி முறைக்குப் போனபோது கானலி, கில்பேன் இருவருடைய பந்துகளையும் தடுத்தார். ஸ்பெயின் 3-2 என்று வென்றது. இருபத்தொரு வயது அப்போது. இதற்கான பெனால்டிப் பயிற்சியில், தடுத்தது எத்தனை என்று மாஸ்டர் எண்ணுவதில்லை. அடிப்பவர் பந்தைத் தொடும்வரை ஒரு பாதமாவது கோட்டின்மேல் இருந்ததா என்பதையே குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இனி குறைகள். முதலாவது, கால். 1992இல், தன் அணியினர் காலால் பின்னோக்கி அனுப்பும் பந்தைக் கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி வந்த பிறகு கோல்கீப்பரின் வேலையே மாறிவிட்டது. 2021இல் நடந்த யூரோ என்ற ஐரோப்பிய நாடுகளின் போட்டியில் குரோவேஷியாவுக்கு எதிராக ஸ்பெயினின் பெட்ரி பின்னோக்கி அனுப்பிய பந்து, ஸ்பெயின் கீப்பர் உனாய் சிமோனின் காலைத் தாண்டிக் கோலுக்குள் போனதைப் பார்த்தவர்களுக்கு இதன் முக்கியத்துவம் தெரியும். அன்று ஸ்பெயின் 5-3 என்று வென்றதும், அடுத்த ஆட்டத்திலேயே சுவிட்சர்லாந்தின் இரண்டு பெனால்டிகளைச் சிமோன் தடுத்ததும் நல்ல பாடங்கள்தான். ஆனால் காலால் ஆடும் பயிற்சிக்கு இந்த வகுப்பில் ஒதுக்கப்படும் நேரம் இரண்டு மணியில் பத்து நிமிடம். கசியாஸின் காலத்தையே அளவுகோலாக வைத்திருப்பதால் வந்த குறை இது என்று கருதுகிறேன்; மாஸ்டரிடமும் நேராகவே சொன்னேன், மறுக்கவில்லை. அதே சமயம், கீப்பர் பந்தைக் கையில் எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்று 2025-26 பருவத்தில் வந்த விதியை உடனே சேர்த்துக்கொண்டு, எட்டு எண்ணிப் பழக்குகிறார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, மைதானத்தின் வசதிகள். பெண் பிள்ளைகள் உடை மாற்ற ஒழுங்கான இடம் இல்லை. கழிவறையின் தாழ்ப்பாள் மூன்று மாதமாக உடைந்தே கிடக்கிறது. மைதான நிர்வாகத்திடம் மூன்று பெற்றோர் சேர்ந்து சொல்லியும் இதுவரை சரிசெய்யவில்லை. ஒரு ஞாயிறு ஒரு பையனுக்கு விரல் பிசகியபோது முதலுதவிப் பெட்டியே இல்லாமல், எதிரிலிருந்த பழச்சாறு கடையை எழுப்பிப் பனிக்கட்டி வாங்கிவந்தேன். அடுத்த வாரம் மாஸ்டர் தன் செலவில் ஒரு பெட்டி வாங்கிவைத்தார். அது மைதானத்தின் கடமை, அவருடையது அல்ல. மார்கழியில் பனியால் பந்து வழுக்கும். அதைப் பயிற்சியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

பத்து வயதுக்குக் கீழான பிள்ளைகளை இங்கே சேர்க்க வேண்டாம். அவர்களால் அரை மணி நேரம் உட்கார்ந்து பார்க்க முடியாது, பெரிய பிள்ளைகள் அடிக்கும் பந்து அவர்களுக்கு ஆகவும் ஆகாது. பன்னிரண்டு வயதுக்கு மேல், கோலில் நிற்க உண்மையிலேயே விரும்பும் பிள்ளை என்றால் தயங்காமல் அனுப்புங்கள். இந்தக் கட்டணத்துக்கு இவ்வளவு அக்கறையான பயிற்சி எங்கள் மாவட்டத்தில் நான் வேறெங்கும் பார்க்கவில்லை. சேர்க்கும்போதே விலை உயர்ந்த கையுறை வேண்டாம். உள்ளங்கையில் மென்மையான ரப்பர் நுரை உள்ளவை செம்மண் மைதானத்தில் மூன்றே வாரத்தில் உரிந்துவிடுகின்றன. அப்படி ஒன்றை இணையத்தில் வாங்கி நான் 2,200 ரூபாய் இழந்தேன். வகுப்புக்கு ஒன்று, பள்ளி மைதானத்துக்கு மலிவான தடித்த ஒன்று என இரண்டு சோடி வைத்துக்கொள்ளுங்கள். போடும் முன் உள்ளங்கையைச் சற்று நனைக்க வேண்டும், முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் நுரை வெடித்துவிடும். முடிந்தால் காலை ஐந்தே முக்காலுக்கே மைதானத்துக்கு வந்துவிடுங்கள்; மூங்கில் கழி நடும்போது அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் வேண்டும். மாஸ்டர் பெரும்பாலும் தனியாகத்தான் நிற்கிறார்.